இரைகொல்லி மீன்கள் நெருக்கமாக வாழும் தொட்டிக்கு உயிரியல் வடிகட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் அரோவானா, பீகாக் பாஸ், டட்னாய்ட், தோமான் முதலிய மீன்களை வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வடிகட்டியின் அளவைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு அன்று, மீன்களின் எண்ணிக்கையும் அன்று; நாள்தோறும் நாம் தண்ணீருக்குள் போடும் புரதத்தின் எடையே அதைத் தீர்மானிக்கிறது.

கணக்குகளை விளக்குவதற்கு, பாயான் பாருவில் என் வீட்டில் உள்ள தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். அது ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்டது. கீழே உள்ள சம்ப்பையும் (வடிகட்டி அமைந்திருக்கும் துணைத் தொட்டி) சேர்த்துச் சுற்றிவரும் தண்ணீர் ஏறத்தாழ 800 லிட்டர். ஓர் அரோவானா, மூன்று பீகாக் பாஸ், நான்கு டட்னாய்ட் ஆகியவை அதில் இருக்கின்றன. நாளொன்றுக்கு 30 கிராம் பெல்லட்டும் (உலர் குருணைத் தீனி), ஓடு நீக்கிய இறால் 60 கிராமும் இடுகிறேன்.

கேள்வி: கடையில் விற்கும் வடிகட்டியின் பெட்டியில் "1000 லிட்டர் தொட்டி வரை" என்று எழுதியிருக்கிறது. என்னுடையது 800 லிட்டர்தான். பிறகு ஏன் அது போதாது என்கிறீர்கள்?

மீன்கள் வெளியேற்றும் நச்சான அமோனியாவை நுண்ணுயிரிகளைக் கொண்டு மாற்றுவதே உயிரியல் வடிகட்டியின் வேலை. அந்த அமோனியாவை உண்டாக்குவது தண்ணீர் அன்று, தீனி. 800 லிட்டர் தொட்டியில் நூறு நியான் டெட்ராக்களை வைத்து ஒரு சிட்டிகைத் தீனி போடுபவருக்கும், அதே தொட்டியில் எட்டு வேட்டை மீன்களை வைத்துக் கைப்பிடி கைப்பிடியாக இறால் போடுபவருக்கும் ஒரே வடிகட்டியைப் பரிந்துரைக்க முடியாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு முதலாமவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தண்ணீர் மிகுதியாக இருந்தால் அமோனியாவின் செறிவு மெதுவாக ஏறும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளில் எத்தனை கிராம் அமோனியா பிறக்கிறது என்பதைத் தண்ணீரின் அளவு ஒரு துளியும் மாற்றாது.

கேள்வி: என் தொட்டியில் நாளொன்றுக்கு எவ்வளவு அமோனியா உண்டாகிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது?

மீன் பண்ணைகளில் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று நமக்கும் பொருந்தும்: தீனியின் எடையைப் புரத விகிதத்தால் பெருக்கி, அதை மேலும் 0.092 ஆல் பெருக்கினால், அம்மோனிய நைட்ரஜன் (அமோனியாவில் உள்ள நைட்ரஜன்) எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். அதில் ஒரு பங்கு மீனின் உடலில் சதையாகத் தங்குகிறது, ஒரு பங்கு மலத்தோடு போகிறது, எஞ்சியது பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேறுகிறது. 0.092 என்ற எண் இப்படிப் பிறந்ததுதான்.

என் தொட்டியில் 45 விழுக்காடு புரதமுள்ள பெல்லட் 30 கிராம் இடுவதால் 30 × 0.45 × 0.092 = 1.24 கிராம். பச்சை இறால் சதையில் தண்ணீர் மிகுதி, புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆகவே 60 × 0.20 × 0.092 = 1.10 கிராம். இரண்டும் சேர்ந்து 2.34 கிராம். இந்தச் சூத்திரம் வேகமாக வளரும் பண்ணை மீன்களுக்கு உரியது. முழு வளர்ச்சி அடைந்த அரோவானா தின்ற புரதத்தைச் சதையாகச் சேர்ப்பது குறைவு, வெளியேற்றுவது அதிகம். ஆகவே நான் 3 கிராம் என்று மேல்நோக்கியே எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் எல்லாக் கணக்குகளும் இந்த 3 கிராமிலிருந்து பிறப்பவை.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். உலர்ந்த பெல்லட்டையும் பச்சை இறாலையும் ஒரே எடையாகக் கருதிவிடுகிறார்கள். 100 கிராம் பெல்லட் தரும் அமோனியா, 100 கிராம் இறால் தருவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். இறாலிலிருந்து பெல்லட்டுக்கு மீனைப் பழக்கியவர்கள், தீனியின் எடையைக் குறைக்காமல் அதே அளவைத் தொடர்ந்தால், வடிகட்டியின் சுமை தமக்குத் தெரியாமலே இரட்டிப்பாகிவிடும். சமையலறைத் தராசில் ஒரு வாரம் தீனியை நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் போடுகிறோம் என்று நாம் நினைத்திருந்ததற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி அப்போது தெரியும்.

கேள்வி: 3 கிராம் அமோனியாவுக்கு எத்தனை லிட்டர் மீடியா வேண்டும்?

மீடியா என்பது நுண்ணுயிரிகள் ஒட்டி வளர்வதற்காக வடிகட்டிக்குள் இடும் பொருள். அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகள் அதன் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. ஆகவே கணக்கைப் பரப்பளவில் போட வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு நாளில் எவ்வளவு அமோனியாவை மாற்றும் என்பது தண்ணீரில் உள்ள அமோனியாவின் செறிவைப் பொறுத்தது. பண்ணைத் தொட்டிகளில் லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் அமோனியா இருப்பதைச் சகித்துக்கொள்வதால், அங்கே ஒரு சதுர மீட்டர் 0.2 முதல் 1 கிராம் வரை மாற்றுகிறது. நாமோ அமோனியா ஏறக்குறைய சுழியத்தில் இருக்க வேண்டும் என்கிறோம். உணவு குறைந்த இடத்தில் நுண்ணுயிரியின் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே சதுர மீட்டருக்கு 0.1 கிராம் என்று நான் கணக்கிடுகிறேன்.

3 கிராமுக்கு 30 சதுர மீட்டர் ஆகிறது. கே1 எனப்படும் சக்கர வடிவ நெகிழி மீடியா ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பாதுகாக்கப்பட்ட பரப்பைத் தருகிறது, அதாவது லிட்டருக்கு அரைச் சதுர மீட்டர். ஆகவே 60 லிட்டர் கே1 தேவை. அது காற்றோட்டத்தில் உருண்டு புரள வேண்டுமானால் அறையில் 60 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. எனவே 100 லிட்டர் கொள்ளும் அறை வேண்டும். என் சம்ப்பின் 150 லிட்டரில் 100 லிட்டர் இந்த அறைக்கே போய்விட்டது. வீட்டுக்கு வருபவர்களுக்கு இது மிகையாகத் தோன்றுகிறது. தீனியைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

கேள்வி: அப்படியானால் மீடியாவை இரண்டு மடங்காக்கினால் நுண்ணுயிரிகளும் இரண்டு மடங்காகுமா?

ஆகாது. நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை அவற்றுக்குக் கிடைக்கும் அமோனியாவைப் பொறுத்தது. இடத்தைப் பொறுத்தது அன்று. 3 கிராம் அமோனியா பிறக்கும் தொட்டியில் 60 லிட்டர் மீடியா இருந்தாலும் 120 லிட்டர் இருந்தாலும் மொத்தக் கூட்டம் ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டாவதில் அது மெல்லியதாகப் பரவியிருக்கும். மீதமுள்ள பரப்பு வளர்வதற்கான இடம் மட்டுமே. நாளை புதிய மீன் ஒன்றைச் சேர்த்தால் அந்த இடத்தில் கூட்டம் பெருகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாள்கள் ஆகும். "என் வடிகட்டி மிகப் பெரியது" என்ற நம்பிக்கையில் ஒரே மாலையில் மூன்று பெரிய மீன்களை இறக்கியவர்கள் இந்த வேறுபாட்டை மறந்தவர்கள்.

கேள்வி: எந்த மீடியா சிறந்தது? கே1, பீங்கான் வளையம், எரிமலைக் கல், ஸ்பாஞ்சு இவற்றில் எதை வாங்குவது?

பெட்டியில் எழுதியிருக்கும் பிரம்மாண்டமான பரப்பளவை நம்பி வாங்காதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. பீங்கான் வளையத்தின் நுண்துளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண் பெரிதாகத்தான் வரும். ஆனால் அந்தத் துளைகளுக்குள் ஆக்ஸிஜன் சுமந்த தண்ணீர் புகுந்து வெளியேற வேண்டும். இரைகொல்லி மீன்களின் தொட்டியில் கொழுப்பும் சதைத் துணுக்கும் மிகுதி என்பதால், சில வாரங்களில் மேற்பரப்புத் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. அதற்குப் பிறகு வேலை செய்வது வளையத்தின் வெளிப்பரப்பு மட்டுமே.

உருண்டு புரளும் கே1 தன்னைத் தானே தேய்த்துச் சுத்தம் செய்துகொள்வதால், இத்தகைய தொட்டிக்கு அதையே முதலில் சொல்வேன். தண்ணீர் மேலிருந்து கொட்டும் ஷவர் முறையும் மிக நல்லது, ஏனெனில் அங்கே நுண்ணுயிரிகளுக்கு ஆக்ஸிஜன் காற்றிலிருந்தே கிடைக்கிறது. ஸ்பாஞ்சு மலிவானது, பரப்பும் அதிகம். ஆனால் அதைப் பிழிந்து கழுவும் ஒழுங்கு உங்களுக்கு வேண்டும். எரிமலைக் கல்லைக் குறை சொல்ல மாட்டேன், எடைதான் தொல்லை.

எந்த மீடியாவானாலும் அதற்கு முன்னால் திடக்கழிவைப் பிடிக்கும் பஞ்சோ வடிப்பையோ கட்டாயம் இருக்க வேண்டும். இதைச் சிறிய விஷயமாக எண்ணிவிடக் கூடாது. அழுகும் கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகள், நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளைவிடப் பல மடங்கு வேகமாகப் பெருகுபவை. மீடியாவின் மேல் சேறு படிந்தால் அவை இடத்தையும் ஆக்ஸிஜனையும் பறித்துக்கொள்ளும். 60 லிட்டர் மீடியா வைத்தும் அமோனியா குறையவில்லை என்று சொன்ன நண்பர் ஒருவரின் சம்ப்பைத் திறந்து பார்த்தபோது, பஞ்சு ஆறு வாரமாகக் கழுவப்படாமல், தண்ணீர் அதன் மேல் வழிந்தோடி நேரே மீடியாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் பஞ்சை மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவுகிறேன்.

கேள்வி: பம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தண்ணீர் வடிகட்டிக்குள் ஒருமுறை போய்வரும்போது அதில் உள்ள அமோனியாவில் பாதி நீங்குகிறது என்று கொள்வோம். தொட்டியில் அமோனியா லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றால், ஒவ்வொரு லிட்டரும் 0.05 மில்லிகிராமை மட்டுமே விட்டுச் செல்கிறது. 3000 மில்லிகிராமை நீக்க 60,000 லிட்டர் தண்ணீர் ஒரு நாளில் ஓட வேண்டும், அதாவது மணிக்கு 2500 லிட்டர். தீனிக்குப் பிந்திய சில மணி நேரத்தில் அமோனியா சராசரியைவிட இரு மடங்கு பிறக்கும் என்பதால் மணிக்கு 5000 லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. தொட்டித் தண்ணீர் மணிக்கு ஆறு முறை சுற்ற வேண்டும் என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

இது குழாய் முனையில் உண்மையாக விழும் தண்ணீர். சம்ப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே ஏற்றும்போது பம்பின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு வாளியை வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: நம் ஊர் வெப்பம் வடிகட்டிக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். 28 முதல் 30 பாகையில் இந்த நுண்ணுயிரிகள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். குளிர் நாட்டவர்போல் நாம் ஹீட்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் வெந்நீரில் ஆக்ஸிஜன் கரைவது குறைவு. 20 பாகையில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும் என்றால் 30 பாகையில் 7.5 தான். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை மாற்ற 4.57 கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. என் 3 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராம். மீன்கள் சுவாசிப்பது இதற்கு மேல். ஆகவே கே1 அறைக்குள் ஒரு காற்று பம்பும் தொட்டியில் மற்றொன்றும் எப்போதும் ஓட வேண்டும்.

கேள்வி: பல மாதங்கள் நன்றாக இருந்த தொட்டியில் திடீரென்று அமோனியா ஏறுகிறது. மீடியா போதவில்லையா?

பினாங்கில் இந்தக் கேள்விக்கு நான் தரும் முதல் பதில்: மீடியாவைத் தொடாதீர்கள், முதலில் பிஎச் எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊர்த் தண்ணீரின் தன்மையை அறியாமல் வடிகட்டியின் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையில் 7.14 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவு கரைந்துபோகிறது. மீன் வெளியிடும் அமோனியாவே இதில் பாதியைத் திருப்பித் தந்துவிடுவதால், நிகர இழப்பு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3.6 கிராம். என் தொட்டியில் நாளொன்றுக்கு 10.7 கிராம்; 800 லிட்டரில் பங்கிட்டால் லிட்டருக்கு 13 மில்லிகிராம்.

பினாங்குத் தீவு கருங்கல் மலைகளால் ஆனது. நம் குழாய்க்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மலை நீர், ஆற்று நீர் இரண்டுமே மென்னீர்தான். என் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கேஎச் (காரத்தன்மையின் அளவு) 2 பாகைக்கு மேல் ஏறி நான் கண்டதில்லை. அது லிட்டருக்கு 36 மில்லிகிராம். நாளொன்றுக்கு 13 வீதம் செலவானால் மூன்றாம் நாள் முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினாலும் கணக்கு நேராகாது. காரத்தன்மை தீர்ந்தபின் பிஎச் சரிகிறது. பிஎச் 6-க்குக் கீழே போனால் நுண்ணுயிரிகள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். 60 லிட்டர் மீடியாவும் அப்போது வெறும் நெகிழிதான்.

அந்த நிலையிலும் மீன்கள் அமைதியாகவே இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அமோனியாவின் நச்சு வடிவம் பிஎச்சைப் பொறுத்தது. 28 பாகை வெப்பத்தில் பிஎச் 6 என்றால் மொத்த அமோனியாவில் 0.07 விழுக்காடும், 7 என்றால் 0.7 விழுக்காடும், 8 என்றால் 6.5 விழுக்காடும் நச்சாக இருக்கும். ஒரு தீபாவளி நேரத்தில் மூன்று வாரம் நான் தண்ணீர் மாற்றவில்லை. பிறகு அளந்தபோது பிஎச் 5.8, அமோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றி, ஆப்பச் சோடாவையும் அள்ளிப் போட்டேன். அமோனியா 2 ஆகக் குறைந்தது, பிஎச் 8-ஐ நெருங்கியது. தண்ணீரில் இருந்த நச்சு அமோனியா லிட்டருக்கு 0.002 மில்லிகிராமிலிருந்து 0.13-க்கு ஏறிவிட்டது என்பதை மறுநாள் காலை ஒரு பீகாக் பாஸ் இறந்து கிடந்த பிறகுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். மீனைக் கொன்றது என் அவசரம்.

ஆகவே இத்தகைய நிலையில் தீனியை உடனே நிறுத்துங்கள். ஒரே தடவையில் பாதியை மாற்றாமல், பத்துப் பதினைந்து விழுக்காடாகப் பல முறை மாற்றி, முதலில் அமோனியாவைக் குறையுங்கள். பிஎச்சை நாளுக்குக் கால் புள்ளி, அரைப் புள்ளி என்று மெல்ல உயர்த்துங்கள்.

இந்த நிலை வராமல் தடுக்கப் பாசாரில் கிடைக்கும் கெராங் சிப்பியின் ஓடுகளை வேகவைத்துக் கழுவி, வலைப்பையில் கட்டிச் சம்ப்பில் போட்டிருக்கிறேன். பிஎச் இறங்கும்போது ஓடு கரைந்து தண்ணீருக்குக் காரத்தன்மையைத் தருகிறது. தேவை முழுவதையும் ஓடே ஈடுசெய்தால் ஓராண்டில் ஏறத்தாழ 4 கிலோ கரைந்துபோகும். பை இளைப்பதைப் பார்த்து நிரப்ப வேண்டும். ஓடு மெதுவாகக் கரைவதால், நெருக்கமான தொட்டிகளில் ஆப்பச் சோடாவும் துணைக்கு வேண்டியிருக்கும். சோடாவை மட்டுமே நம்புவதானால் என் தொட்டிக்கு நாளொன்றுக்கு 18 கிராம் ஆகும். துணி துவைக்கும் சோடாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கேஎச் 3-க்கும் 4-க்கும் இடையில் நிலையாக இருந்தால் போதும்.

கேள்வி: வடிகட்டி பெரிதாக இருந்தால் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. வடிகட்டி அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது, அவ்வளவுதான். நைட்ரேட் தண்ணீரிலேயே தங்குகிறது. 3 கிராம் நைட்ரஜன் 13.3 கிராம் நைட்ரேட் ஆகும். 800 லிட்டரில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 16 அல்லது 17 மில்லிகிராம் ஏறும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றுபவரின் தொட்டியில் அது நாளடைவில் லிட்டருக்கு 230 மில்லிகிராம் வரை போய் நிற்கும். தினமும் 200 லிட்டர் மாற்றினால் 66-க்கு மேல் ஏறாது. நான் கரித்தூள் வடிப்பான் வழியாக இரவும் பகலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மிகுந்ததை வழிந்தோடவிடுகிறேன்.

கேள்வி: என் மீன்களுக்கு வாரம் மூன்று நாள் மட்டும் வயிறு நிறையத் தீனி போடுகிறேன். சராசரியை வைத்துக் கணக்கிடலாமா?

தீனி போடும் நாளை வைத்தே கணக்கிடுங்கள். நுண்ணுயிரிகளின் கூட்டம் சராசரிக்கு ஏற்பவே வளர்கிறது. ஒரே நாளில் இரண்டு மடங்கு அமோனியா வந்தால் அதைச் சமாளிக்க மறுநாள்வரை ஆகும். தீனி போட்ட ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அமோனியாவை அளந்து பாருங்கள். காலையில், மீன்கள் பட்டினியாக இருக்கும்போது அளப்பதால் உண்மை தெரியாது. அதே மொத்த எடையைத் தினமும் பிரித்துப் போட்டால் இதே வடிகட்டி போதும் என்ற நிலை பல தொட்டிகளில் வரும்.

கேள்வி: கேனிஸ்டர் வடிகட்டி போதாதா? சம்ப் வைக்க இடமில்லை.

இரண்டு பெரிய கேனிஸ்டர்களை வைத்து ஒழுங்காகக் கழுவி நன்றாக நடத்துபவர்களை அறிவேன். ஆனால் எல்லாக் கழிவும் மூடிய பாத்திரத்துக்குள்ளேயே அழுகுகிறது. கழுவுவதோ பெரிய வேலை என்பதால் தள்ளிப்போகிறது. முடிந்தால் சம்ப்பையே தேர்ந்தெடுங்கள்.

எடையையும் மனத்தில் கொள்ளுங்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் வீட்டுத் தளத்துக்குக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. 800 லிட்டர் தண்ணீரும் கண்ணாடியும் தாங்கியும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சுவரோரம், உத்தரத்துக்கு மேலே வைப்பதும், கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்பதும் அவசியம்.

கேள்வி: புதிய வடிகட்டி தயாராக எத்தனை நாள் ஆகும்?

வெறுமையிலிருந்து தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரம். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து மீடியாவை எடுத்துப் போட்டால் சில நாள்களில் வேலை தொடங்கிவிடும். அமோனியாவை ஒருவகை நுண்ணுயிரி நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனம் 2015இல் அறிவிக்கப்பட்டது. அப்போது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகளில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து வந்தது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இடைக்காலத்தில் நைட்ரைட் ஏறினால் 10 லிட்டருக்கு ஒரு கிராம் உப்புப் போடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் கலப்பதைத் தடுக்கும்.

கேள்வி: தண்ணீர்த் தடையின்போதும் மின்தடையின்போதும் என்ன செய்வது?

2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றியபோது பினாங்கின் பெரும்பகுதியில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்போது நான் இரண்டு நாள் முன்பே தீனியைக் குறைத்து, தடை நீங்கும்வரை முற்றிலும் நிறுத்திவிட்டேன். வளர்ந்த இரைகொல்லி மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் திரும்பி வரும்போது கலங்கலாக இருக்கலாம், குளோரினும் கூடுதலாக இருக்கலாம். முதல் தண்ணீரை ஓடவிட்டு, ஆண்டி-குளோரின் போட்ட பிறகே சேர்க்க வேண்டும். மீடியாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் அலசுங்கள்.

மின்சாரம் நின்றால் மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்ஸிஜன் விரைவில் தீர்ந்துவிடும். சில மணி நேரத்துக்குப் பிறகு மின்சாரம் வந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டிவிட்டே ஓட்ட வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: நான் தோமான் வளர்க்கிறேன். சிறிய வடிகட்டியிலேயே நன்றாக இருக்கிறதே?

தோமானும் ஹாருவானும் விரால் இனத்தவை. நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பவை. ஆக்ஸிஜன் அற்ற, கெட்ட தண்ணீரிலும் அவை உயிரோடு இருக்கும். ஆகவே அவை உயிரோடு இருப்பது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. தோமான் ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் மீன். இன்றைய குட்டிக்கு இன்று போடும் தீனியை வைத்தல்லாமல், வளர்ந்தபின் போடப்போகும் தீனியை வைத்து வடிகட்டியைக் கட்டுங்கள்.

கேள்வி: மருந்து போட்டால் வடிகட்டி கெடுமா?

ஆன்டிபயாடிக் மருந்துகளும் மெத்திலீன் நீலமும் கெடுக்கக்கூடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்திடுங்கள்.

கேள்வி: சம்ப்பில் மணி பிளாண்ட் வைத்தால் மீடியாவைக் குறைக்கலாமா?

குறைக்க முடியாது. மணி பிளாண்டின் வேர் நைட்ரேட்டையும் சிறிதளவு அமோனியாவையும் எடுத்துக்கொள்கிறது. வெளிச்சம் உள்ள சன்னலோரம் இருந்தால் நன்றாகவே தழைக்கும். ஆனால் நாளொன்றுக்கு 3 கிராம் நைட்ரஜன் பிறக்கும் தொட்டியில் ஒரு கொடி எடுப்பது மிகச் சிறிய பங்கு. என் சம்ப்பிலும் ஒரு கொடி இருக்கிறது. அதன் வேர் பம்பின் வாயில் சிக்காதபடி தனி அறையில் வைத்து, மாதம் ஒருமுறை வேரைக் கத்தரித்துவிடுகிறேன்.